கொதிகலனை உதைத்து ஓட்டிய காதல்: ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ (1951) – ஒரு நிகழ்வு ஆய்வு

படகின் நடுவில் ஒரு பழைய கொதிகலன். அழுத்தம் ஏறி அது சீறத் தொடங்கியதும் சார்லி ஆல்நட் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறான். அதன் விலாவில் ஓங்கி உதைக்கிறான். சீற்றம் அடங்குகிறது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசுகிறான். ஏன் இப்படி என்று ரோஸ் கேட்கும்போதுதான் காரணம் தெரிகிறது. பழுது பார்த்த சமயத்தில் வேலையாள் ஒருவன் ஸ்க்ரூடிரைவரை உள்ளே தவறவிட்டுவிட்டான். அது அவ்வப்போது வால்வில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, உதைத்தால் நகர்ந்துவிடும். கழற்றி எடுத்துவிடலாம்தான். ஆனால் உதைப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான் சார்லி. தனக்கென்று இருப்பது இந்தப் படகு ஒன்றுதான் என்கிறான்.

ஜான் ஹூஸ்டன் இயக்கிய இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள அந்த உதையே நல்ல நுழைவாயில். எந்திரத்தின் கோளாறு என்ன, அதற்குக் காரணம் என்ன, எது வெடிக்கக்கூடும் என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கூடவே ஒரு மனிதனின் தனிமையும் தெரிந்துவிடுகிறது. 105 நிமிடப் படம் முழுவதும் இதே முறைதான். இருவருக்கும் நடுவே நெருக்கம் கூடும் ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு வேலையின் வழியாகவே வருகிறது: சுக்கான் பிடிப்பது, நீராவிக் குழாயை மாட்டுவது, வளைந்த தண்டை நிமிர்த்துவது, சேற்றில் படகை இழுப்பது. காதல் வசனம் என்று தனியாக எடுத்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது.

கதை

1914 செப்டம்பர், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. பாதிரியார் சாமுவேல் சேயரும் அவருடைய தங்கை ரோஸும் உள்காட்டில் ஒரு மெதடிஸ்ட் மிஷன் நடத்துகிறார்கள். கடிதமும் சாமான்களும் கொண்டுவருபவன் சார்லி. கனடாக்காரன், சுரங்கத்தில் வேலை, ஆற்றில் ஒரு நீராவிப் படகு. உலகப் போர் மூண்ட செய்தியும் அவன் வாயால்தான் அவர்களுக்கு வருகிறது. ஜெர்மன் படை வந்து கிராமத்தைக் கொளுத்துகிறது. அந்த அதிர்ச்சியில் அண்ணன் இறந்துபோக, சார்லி ரோஸைப் படகில் ஏற்றிக்கொள்கிறான். போர் முடியும்வரை எங்காவது தீவு மறைவில் பதுங்கிக் கிடக்கலாம் என்பது அவன் எண்ணம். ரோஸின் எண்ணம் வேறு. ஆற்றோடு கீழே இறங்கி, ஏரியைக் காவல் காக்கும் ‘லூயிசா’ என்ற ஜெர்மன் போர்ப்படகைத் தகர்க்க வேண்டும். படகில் வெடிமருந்து இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் டார்பிடோ ஆகாதா என்று அவள் கேட்கிறாள்.

ஹம்ப்ரி போகார்ட்டுக்கு அப்போது 51 வயது, கேத்தரின் ஹெப்பர்னுக்கு 44. சாகசக் காதல் படத்துக்கு இது வழக்கமான வயது கிடையாது. அந்த வயதுதான் படத்தின் பலம். இருவருமே தங்கள் வாழ்க்கை இனி இப்படியே போய்விடும் என்று முடிவு கட்டியவர்கள்; அந்த முடிவு உடைவதைப் பார்க்கத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

தேநீர் மேசை

மிஷனில் மூவரும் தேநீர் அருந்தும் காட்சியை ஒருமுறைக்கு இருமுறை நிறுத்திப் பார்க்கலாம். வெள்ளைத் துணி விரித்த மேசை, ரொட்டித் துண்டுகள், கழுத்துவரை பொத்தான் போட்ட ரோஸின் சட்டை. சார்லியின் வயிறு உறுமுகிறது. மூவருக்கும் கேட்கிறது, மூவரும் கேட்காததுபோல் இருக்கிறார்கள். மறுபடி உறுமுகிறது. அவன் குனிந்து வயிற்றைப் பார்க்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், ரொட்டியை வாங்கிக்கொள்கிறான், அப்போதும் அது அடங்கமாட்டேன் என்கிறது. அண்ணனும் தங்கையும் ஊர்க்கதையை இன்னும் சத்தமாகப் பேசி அதை மூடப் பார்க்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒலியும் இடமும். கேமரா பெரும்பாலும் மூவரையும் ஒரே ஃப்ரேமில் வைத்திருக்கிறது. ‘இங்கே சிரியுங்கள்’ என்று சொல்வதில்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொள்ளாத ஒரு வீட்டுக்குள் உடம்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ரோஸ் சுக்கானைப் பிடித்து நீர்ச்சுழியில் இறங்கும்போது, உடல் அனுபவம் ஒன்று இத்தனை கிளர்ச்சி தரும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்பாள். அந்த வரிக்கு எடை வருவது இந்தத் தேநீர் மேசையால்தான்.

ஜின் பாட்டிலும் பேச்சுமுறையும்

முதல் நீர்ச்சுழியைக் காட்டினால் பயந்துபோய் டார்பிடோ யோசனையை விட்டுவிடுவாள் என்று சார்லி கணக்குப் போடுகிறான். அவள் உற்சாகமாகிறாள். அன்றிரவு குடித்துவிட்டு, வர முடியாது என்று கத்தி, அவளைப் பாட்டுப் பாடும் ஒல்லிக் கிழக்கன்னி என்று திட்டுகிறான். விடிந்து தலைவலியோடு கண்ணைத் திறந்தால் ரோஸ் ஜின் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி செய்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை. பைபிளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவன் சவரம் செய்கிறான், துணி துவைக்கிறான், படகைத் துடைக்கிறான், கெஞ்சுகிறான். குடித்ததற்குத்தான் கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கிறான். குடித்தது பெரிதில்லை என்கிறாள் ரோஸ். ஆற்றோடு கீழே போவதாக வாக்குக் கொடுத்தாயே, அதை மீறியதுதான் கோபம் என்கிறாள். திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் ஏஜியும் ஹூஸ்டனும் ரோஸை வெறும் ஒழுக்கப் பிரசங்கியாக ஆக்கிவிடாமல் காப்பாற்றிய இடம் இது. அவளுக்கு வேலைதான் முக்கியம்.

தமிழில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகும் இடத்தில் உறவு மாறிவிட்டது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லாததால் படம் அந்தப் பொறுப்பைப் பெயர்களிடம் ஒப்படைக்கிறது. பாதிப் படம்வரை அவன் அவளுக்கு ‘மிஸ்’, அவள் அவனுக்கு ‘மிஸ்டர் ஆல்நட்’. ஜெர்மானியரின் ஷோனா கோட்டைக்குக் கீழே துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே போகும்போது நீராவிக் குழாய் அறுந்துவிடுகிறது. சார்லி குண்டுமழையில் எழுந்து அதை மாட்டுகிறான். கோட்டையிலிருந்து குறிபார்ப்பவனின் கண்ணில் வெயில் கூசுகிறது, படகு தப்புகிறது. அடுத்த நீர்ச்சுழியையும் தாண்டி வந்த வெறியில் இருவரும் கூத்தாடிக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டிக்கொண்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைக்கிறது. மறுநாள் காலை தேநீரோடு வந்து ரோஸ் கேட்கிறாள்: உங்கள் முதல் பெயர் என்ன? சார்லி என்கிறான். அந்தப் பெயரை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். முத்தத்துக்குப் பிறகு பெயர் கேட்கும் வரிசையை மாற்றி வைத்திருந்தால் இந்தக் காட்சி சாதாரணமாகப் போயிருக்கும்.

வளைந்த தண்டு

படத்தின் நடுத்தூண் எது என்று கேட்டால் முத்தக் காட்சி என்று சொல்லத் தோன்றும். படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லரைப் பழுது பார்க்கும் காட்சிதான் என்பது எங்கள் முடிவு.

அருவிபோல் இறங்கும் நீரில் அடிபட்டு, புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு வளைகிறது, புரொப்பல்லரின் ஓர் இதழ் ஒடிகிறது. சார்லி முழுகிப் பார்த்துவிட்டு வந்து, கதை முடிந்தது என்கிறான். ரோஸ் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். தண்டைக் கழற்ற முடியாதா? முழுகி முழுகித்தான் கழற்ற வேண்டும். கழற்றினால் நிமிர்த்த முடியாதா? பட்டறை வேண்டும். கரையில் நெருப்பு மூட்டினால்? ஒடிந்த இதழுக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்து பற்றவைக்க முடியாதா? அவன் ஒவ்வொன்றுக்கும் முடியாது என்று தொடங்கி, முடியலாம் என்று முடிக்கிறான். அவளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனால் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை கிடையாது. அறிவு ஒருவரிடமும் உறுதி இன்னொருவரிடமும் இருக்கிறது, வேலை நடக்க இரண்டும் வேண்டும். பிறகு இருவரும் தண்ணீருக்குள் முழுகுகிறார்கள், கரையில் உலை மூட்டுகிறார்கள், தண்டைக் காய்ச்சி அடிக்கிறார்கள். தாம்பத்தியம் என்று நாம் சொல்வது கண்ணுக்கு முன்னால் நடந்துவிடுகிறது.

அட்டை

அடுத்து நாணற்காடு. ஆறு கிளை கிளையாகப் பிரிந்து, ஓட்டம் செத்து, சேறாகிவிடுகிறது. எந்திரம் பயன்படாது. சார்லி இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறான். மேலே ஏறியதும் உடம்பெல்லாம் அட்டை. பிடுங்கினால் வாய் தோலுக்குள் தங்கிப் புண்ணாகும் என்பதால் ரோஸ் உப்பை எடுத்துத் தூவுகிறாள். உலகத்தில் தான் வெறுப்பது ஒன்று உண்டென்றால் அது அட்டைதான் என்று அவன் நடுங்குகிறான்.

கொஞ்ச நேரம் கழிகிறது. படகு நகர்ந்தாக வேண்டும். அவன் தண்ணீரைப் பார்க்கிறான், ரோஸைப் பார்க்கிறான், நடுக்கத்தோடு மறுபடி இறங்குகிறான். வசனம் கிடையாது. போகார்ட்டுக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் 1952இல் இந்தப் படத்துக்காகத்தான். அதற்குக் காரணம் கேட்பவர்களிடம் இந்த அரை நிமிடத்தைக் காட்டினால் போதும். துப்பாக்கிக்கு அஞ்சாதவர்களாகவே நடித்துப் பெயர் எடுத்த முகம், ஒரு புழுவுக்கு அஞ்சி, அஞ்சிக்கொண்டே இறங்குகிறது.

அதன்பின் காய்ச்சலில் அவன் விழுந்துவிட, ரோஸ் ஜெபிக்கிறாள். காப்பாற்று என்று கேட்பதில்லை. எங்களை நியாயம் தீர்க்கும்போது எங்கள் அன்பையும் கணக்கில் எடுத்துக்கொள் என்ற பொருளில் மன்றாடுகிறாள். கேமரா மெல்ல மேலே எழுகிறது. நாணலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஏரி. அவர்களுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். பிறகு மழை வந்து, நீர்மட்டம் ஏறி, படகைத் தூக்கிக் கொண்டுபோய் ஏரியில் விடுகிறது. ஒரே ஒரு கேமரா அசைவுக்கு ஒரு படத்தில் இத்தனை வேலை இருப்பது அரிது.

எப்படி எடுத்தார்கள், எது தவறியது

1951இல் வெளிப்புறப் படப்பிடிப்பு பெல்ஜியக் காங்கோவின் ரூய்கி ஆற்றிலும், உகாண்டாவில் மர்ச்சிசன் அருவிப் பகுதியிலும், ஆல்பர்ட் ஏரிக்கரையிலுள்ள புட்டியாபாவிலும் நடந்தது. ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப். வண்ணமுறை மூன்று-நெகட்டிவ் டெக்னிகலர். சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கின.

லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கேமராவுக்குள் ஒரு பிரிசம் பிரிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் பதியும். ஒளி இப்படிப் பங்கு போடப்படுவதால் சாதாரணக் கேமராவைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். காட்டு மர நிழலிலோ வெளிச்சம் கிடையாது. ஆக விளக்கு வேண்டும், விளக்குக்கு ஜெனரேட்டர் வேண்டும். மூன்று சுருளை ஒரே நேரத்தில் ஓட்டும் கேமராவே பெட்டகம் மாதிரி. சுமார் 9 மீட்டர் நீளப் படகில் இத்தனையையும் ஏற்றி இரண்டு நடிகர்களையும் உட்கார வைக்க இடம் ஏது?

தெப்பம் கட்டினார்கள். ஒரு தெப்பத்தில் படகின் ஒரு பகுதியை மட்டும் அசல்போலவே செய்து வைத்து, எதிரே கேமராவையும் விளக்குகளையும் நிறுத்தினார்கள். ஜெனரேட்டருக்கு ஒரு தெப்பம், சாமான்களுக்கு ஒன்று. இந்தத் தெப்பவரிசையைப் படகு இழுத்துச் செல்ல, ஆற்று வளைவுகளில் அது கரையோரக் கிளைகளில் போய் முட்டியது. ஹெப்பர்னின் உடைமாற்றும் அறைக்கென்று கட்டிய தெப்பம் சுமை தாங்காமல் கைவிடப்பட்டது. ஆப்பிரிக்கன் குயினே ஒருமுறை மூழ்கிப்போய், அதைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. எடுத்த நெகட்டிவ் லண்டனுக்குப் போய்த்தான் கழுவப்பட வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்று அன்றன்றைக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை.

குழுவில் பெரும்பாலோர் சீதபேதியிலும் மலேரியாவிலும் படுத்தார்கள். தண்ணீரே குடிக்காமல் விஸ்கியில் காலம் தள்ளிய போகார்ட்டும் ஹூஸ்டனும் தப்பித்தார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. ஹெப்பர்ன் தண்ணீரைத்தான் குடித்தார், கடுமையாக நோயுற்றார். முதல் காட்சியில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாரே, அப்போது கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் வாளி வைத்திருந்தார்கள். அந்தக் காட்சியில் ரோஸின் இறுகிய, வெளிறிய முகத்தைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

நடிகர்கள் தண்ணீருக்குள் இறங்கும் காட்சிகள் ஆப்பிரிக்காவில் எடுக்கப்படவில்லை. நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் அந்த நீரில் உண்டு. அதனால் லண்டனுக்கு அருகே ஐல்வொர்த் ஸ்டுடியோவின் நீர்த்தொட்டியில் எடுத்தார்கள். போகார்ட்டின் மேல் ஒட்டியவை ரப்பர் அட்டைகள். இது ஏமாற்று என்று யாரும் வருந்த வேண்டியதில்லை, நடுக்கம் அசல்தானே.

ஹூஸ்டன் நடிகர்களிடம் அதிகம் பேசாதவர். ஆனால் ஹெப்பர்ன் தொடக்கக் காட்சிகளில் ரோஸைச் சிடுசிடுப்பாக நடிப்பதைக் கண்டு ஒரு காலை அவர் குடிசைக்குப் போய் ஒன்று சொன்னார்: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகும்போது எப்படிப் புன்னகைப்பாரோ, அப்படி நடியுங்கள். தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இயக்கக் குறிப்பு அதுதான் என்று ஹெப்பர்ன் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். ஒரே வாக்கியத்தில் முகம், முதுகு, குரல் மூன்றும் மாறிவிட்டன. படத்தில் அந்தப் புன்னகையைத் தேடிப் பாருங்கள். ஆபத்து கூடக் கூட அது அகலமாகும்.

நாவலும் வரலாறும்

மூலம் சி. எஸ். ஃபாரஸ்டரின் 1935 நாவல். அதில் ஆல்நட் லண்டன் காக்னி, அதாவது கிழக்கு லண்டன் உழைப்பாளிகளின் பேச்சுடையவன். அந்த உச்சரிப்பு போகார்ட்டுக்கு வராது என்பதால் கனடாக்காரன் ஆனான். முடிவும் வேறு. நாவலில் டார்பிடோ முயற்சி தோற்கிறது, ஜெர்மன் கப்பலைப் பிரிட்டிஷ் மோட்டார் படகுகள் மூழ்கடிக்கின்றன, இருவரும் சாதாரண வாழ்க்கைக்குள் நடந்துபோகிறார்கள்.

படத்தில் தோல்விக்கும் காரணம் தொழில்நுட்பம்தான். ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வெடிமருந்தை அடைத்து, முனையில் துப்பாக்கித் தோட்டாவையும் அதைக் குத்த ஆணியையும் வைத்து, படகின் முகப்பில் துளையிட்டு இரண்டையும் நீட்டி வைக்கிறார்கள். அந்தத் துளைகளை அடைக்கவில்லை. இரவில் புயல் வர, துளை வழியே தண்ணீர் புகுந்து படகு கவிழ்கிறது. பிடிபட்ட இருவருக்கும் தூக்கு. தூக்குக்கு முன் எங்களுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்று சார்லி கேட்க, கப்பல் தலைவர் கணவன் மனைவி என்று அறிவித்த அதே மூச்சில் தண்டனையை நிறைவேற்ற உத்தரவிடுகிறார். அந்த நேரம் கவிழ்ந்து மிதந்த ஆப்பிரிக்கன் குயினின் மேல் லூயிசாவே வந்து மோதுகிறது. தற்செயல் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஆணி, தோட்டா, துளை என்று ஒவ்வொன்றையும் முன்பே கண்ணுக்கு முன் செய்து காட்டிவிட்டதால் மனம் ஏற்றுக்கொள்கிறது.

வரலாற்றில் இதற்கு ஒரு நிழல் உண்டு. டாங்கனிக்கா ஏரியில் ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ என்ற ஜெர்மன் கப்பல் இருந்தது. அங்கிருந்த ஜெர்மன் கப்பல்களை எதிர்க்கப் பிரிட்டிஷ் கடற்படை 1915இல் ‘மிமி’, ‘டூட்டூ’ என்ற இரண்டு மோட்டார் படகுகளைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரயிலிலும் காட்டுப் பாதையிலும் இழுத்துக்கொண்டு போனது. கோட்சனை யாரும் தகர்க்கவில்லை. 1916 ஜூலையில் ஜெர்மானியரே மூழ்கடித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். 1924இல் மீட்கப்பட்டு, ‘லியம்பா’ என்ற பெயரில் பயணிகள் கப்பலாகப் பல பத்தாண்டுகள் அதே ஏரியில் ஓடியது.

குறைகள்

பெரிய குறையை மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் ஆப்பிரிக்கர்களுக்குப் பெயர் இல்லை. தேவாலயத்தில் அவர்கள் பாடுவது இரைச்சலாகக் காட்டப்படுகிறது; சார்லி வீசும் சுருட்டுத் துண்டுக்கு அடித்துக்கொள்வது வேடிக்கையாக்கப்படுகிறது. கிராமம் எரியும்போது அழிந்தது அவர்கள் வீடு. கதையோ பாதிரியாரின் துயரத்தை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. யாருடைய நிலத்துக்காக யார் போரிட்டார்கள் என்ற கேள்வி எழவே இல்லை.

மற்றவை சிறியவை. நீர்ச்சுழிக் காட்சிகளில் பின்னால் திரையில் ஓடும் ஆறும் முன்னால் ஆடும் படகும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தூரக் காட்சிகள் சிலவற்றில் மாதிரிப் படகு என்று தெரிந்துவிடுகிறது. கொசுப்படை மேலே ஒட்டிய படலம்போல் இருக்கிறது. ஆலன் கிரேயின் இசை, நடிகர்கள் முகத்திலேயே சொல்லிவிட்டதை மறுபடி சொல்கிறது.

பார்ப்பவர்களுக்கு

2010இல் வெளியான, அசல் நெகட்டிவிலிருந்து புதுப்பித்த பிரதியையே தேடிப் பாருங்கள். மூன்று நெகட்டிவும் காலப்போக்கில் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. பழைய பிரதிகளில் மூன்று வண்ணமும் விலகி, முகங்களின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கசியும். புதுப்பித்ததில் அவற்றை மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். ரோஸின் கழுத்து வேர்வையும் கொதிகலனின் துருவும் தெளிவாகத் தெரிகின்றன. படம் 1.37:1 அளவு, ஏறத்தாழச் சதுரம். டிவியில் பக்கவாட்டை நிரப்ப இழுத்துவிடாதீர்கள். சிறிய படகில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு வாழ்வது அந்த நெருக்கமான சட்டத்துக்குள்தான் சரியாக உட்காரும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது ரோஸின் உடையை மட்டும் பின்தொடரலாம். டோரிஸ் லாங்லி மூர் வடிவமைத்த அந்த உயர்கழுத்துச் சட்டை, தொப்பி, குடை எல்லாம் ஆற்றோடு ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. குடித்துவிட்டுச் சார்லி கத்திப் பாடிய மீனவன் பாட்டையும் காதில் வைத்திருங்கள். கடைசியில், பெயர்ப்பலகை மட்டும் மிதந்து வர, இருவரும் கரையை நோக்கி நீந்துகிறார்கள். அன்று அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது அவனோடு சேர்ந்து பாடுகிறாள்.